பருவம் பிந்தும் பிள்ளைகள்: விசாரிக்கும்போது விடக்கூடாத பிழைகள்

திருகோணமலையில் எங்கள் கிளினிக்குக்கு வரும் பயிற்சி வைத்தியர்கள், அந்த வயதில் நாங்கள் விட்ட பிழைகளையே விடுகிறார்கள். வயதை மாற்றி எழுதுவது போன்றவை தானாகத் திருந்திவிடும். கீழே உள்ளவை அப்படித் திருந்துவதில்லை.

"மணம் தெரியுமா?" என்று கேட்டதோடு விடுவது

18 வயதாகியும் மீசை அரும்பாத, குரல் உடையாத பெடியன். பருவத்தை நடத்தும் ஓமோன்களான எல்.எச்., எப்.எஸ்.எச்., டெஸ்டோஸ்டிரோன் மூன்றும் குறைவு. அடுத்து மூக்கைப் பற்றிக் கேட்க வேண்டும், கேட்கிறார்கள்தான். "தம்பி, மணம் விளங்குதா?" "ஓம்." உடனே 'இயல்பு' என்று எழுதிவிடுவார்கள். எனக்கு எரிச்சல் வருவது இங்கேதான். பிறந்ததிலிருந்து மணமே அறியாதவனுக்குத் தன்னிடம் எது இல்லை என்று எப்படித் தெரியும்?

நிலாவெளிப் பக்கமிருந்து வந்த ஒருவன் இப்படித்தான் "ஓம்" என்றான். "மிளகாய் வறுத்தா முதல் தும்முறது இவன்தான்" என்று தாயும் சாட்சி சொன்னார். மிளகாய் நெடியை உணர்வது முகத்துக்குரிய வேறொரு நரம்பு. மணத்தை உணரும் நரம்பு அல்ல. தலையிடிக்குப் பூசும் பாமை மணக்கக் கொடுத்தாலும் இதே ஏமாற்றம்தான். கண்ணை மூடச் சொல்லி, ஒவ்வொரு நாசியாகக் கோப்பித்தூளையும் சவர்க்காரத்தையும் பிடித்தோம். இரண்டுக்கும் "ஒண்டும் இல்லை." அப்புறம்தான் தாய்க்கு ஞாபகம் வந்தது: "கருவாட்டு வாடிக்குள்ளயே நித்திரை கொள்ளுவான், டொக்டர்."

பருவத்தைத் தொடக்கிவைக்கும் ஓமோனான ஜி.என்.ஆர்.எச்.ஐச் சுரக்கும் நரம்புக் கலங்கள் கருவில் மூக்குப் பகுதியில் தோன்றி, மண நரம்புகளின் வழியே ஏறி மூளையின் ஹைப்போதலமஸ் பகுதியில் குடியேற வேண்டும். அந்தப் பாதை குழம்பினால் மணமும் பருவமும் சேர்ந்தே போகும். கால்மன் என்ற வைத்தியர் 1944இல் விவரித்த நோய் இதுதான். எக்ஸ் நிறமூர்த்தத்திலுள்ள ஏனோஸ்1 என்ற மரபணு இதற்கு ஒரு காரணம் என்பது 1991இல் தெரியவந்தது. அது பழுதானவர்களில் சிலருக்கு ஒரு சிறுநீரகமே இருக்காது. சிலருக்கு ஒரு கையை மடக்கினால் மற்றக் கையும் கூடவே மடங்கும். நிலாவெளிப் பெடியனின் ஸ்கேனில் தெரிந்தது ஒரு சிறுநீரகம்தான். 'இயல்பு' என்று எழுதியதோடு விட்டிருந்தால் ஸ்கேனுக்கு யார் அனுப்பியிருப்பார்கள்? வீட்டிலிருந்த அவன் தம்பியை யார் கூப்பிட்டிருப்பார்கள்?

தகப்பன் வழியை மட்டும் விசாரிப்பது

ஆண்பிள்ளைக்கு எக்ஸ் நிறமூர்த்தம் தாயிடமிருந்துதான் வரும். ஆகவே கலியாணம் கட்டாத தாய்மாமன் இருக்கிறாரா என்று கேளுங்கள்.

மணம் இருந்தால் பரம்பரை இல்லை என்று நினைப்பது

ஜி.என்.ஆர்.எச்.ஆர்., கிஸ்1ஆர் போன்ற மரபணுக்கள் பழுதானால் மூக்குக்கு ஒன்றும் ஆகாது. தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் நோய் தெரியும். ஆகவே மச்சான் மச்சாள் கலியாணமா என்று கேட்பது வம்பளப்பு அல்ல. எப்.ஜி.எப்.ஆர்.1 என்ற மரபணு இன்னும் குழப்பும்: ஒரே குடும்பத்தில் ஒருவருக்கு மணம் இராது, இன்னொருவருக்குப் பருவம் பிந்தும், வேறொருவருக்குப் பல் குறைவு அல்லது பிளந்த அண்ணம்.

மரபணுச் சோதனையில் ஒன்றும் இல்லை என்றால் நோயில்லை என்பது

ஏறக்குறைய பாதிப் பேரில் எதுவும் அகப்படாது.

பெண்பிள்ளைகளை மறப்பது

15 வயது தாண்டியும் சாமத்தியப்படாதவளுக்கும் இதே கேள்விகள்தான்.

"இனிப் பிள்ளை கிடைக்காது" என்று சொல்லி அனுப்புவது

டெஸ்டோஸ்டிரோன் ஊசி மீசையைத் தரும், விந்தணுவைத் தராது. அதற்கு எச்.சி.ஜி., எப்.எஸ்.எச். என்ற ஓமோன் ஊசிகள் உண்டு. மாதக்கணக்கில், சிலருக்கு ஒரு வருடத்துக்கும் மேலாகப் போட வேண்டும். பலருக்குப் பலன் கிடைக்கிறது. 10 முதல் 20 வீதம் பேரில் பருவ ஓமோன்கள் பின்னாளில் தாமாகவே சுரக்கத் தொடங்குவதும் உண்டு. எனவே இடையிடையே மருந்தை நிறுத்திப் பார்க்க வேண்டும்.