எந்த இரண்டாம் பாகத்துக்குக் காத்திருக்கலாம்?

1979-இல் வெளியான ‘கல்யாணராமன்’ படத்துக்கு 1985-இல் ‘ஜப்பானில் கல்யாணராமன்’ என்ற தொடர்ச்சி வந்தபோது, தமிழ்த் திரையில் அது அரிதான முயற்சியாக இருந்தது. இன்று நிலைமை வேறு. ஜெயிலர் 2, சர்தார் 2, மூக்குத்தி அம்மன் 2, டிமான்டி காலனி 3, கைதி 2 என்று எதிர்பார்ப்பில் இருக்கும் படங்களின் பட்டியலே நீளமாக இருக்கிறது. எல்லாவற்றையும் முதல் வாரமே திரையரங்கில் பார்க்க நேரமும் பணமும் பலருக்கு இருப்பதில்லை. எதற்கு ஆவலோடு காத்திருப்பது, எதை மற்றவர்கள் சொல்வதைக் கேட்டபின் பார்ப்பது, எதை வீட்டிலேயே பார்த்துக்கொள்வது என்று பிரித்தறிய உதவும் சில வழிகளை இங்கே தருகிறேன். இவற்றுக்கெல்லாம் அடிப்படையாக நான் வைப்பது ஒரே கேள்விதான்: முதல் படம் விடை சொல்லாமல் எதையாவது விட்டுச் சென்றதா, விட்டவரே அதைச் சொல்ல வருகிறாரா?

முதலில், வரப்போகும் படம் எந்த வகைத் தொடர்ச்சி என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். சுவரொட்டியில் இருக்கும் எண் இதைச் சொல்லாது. பொன்னியின் செல்வனின் இரண்டு பாகங்களும் ஒரே கதையின் இரண்டு பாதிகள். 2022 செப்டம்பரில் வந்ததைப் பார்க்காதவர் 2023 ஏப்ரலில் வந்ததைப் பார்த்துப் பயனில்லை. சிங்கம் படங்களில் துரைசிங்கம் என்ற காவல் அதிகாரி தொடர்கிறார், வழக்கும் எதிரியும் ஒவ்வொரு படத்திலும் மாறுகிறார்கள். அரண்மனை வரிசையில் 2014 முதல் 2024 வரை நான்கு படங்கள் வந்துள்ளன. ஒவ்வொன்றிலும் வீடு வேறு, பேய் வேறு, குடும்பம் வேறு என்பதால் நான்காவதைப் பார்க்க முந்தைய மூன்றும் தேவையில்லை. ‘பில்லா 2’ முதல் படத்துக்கு முந்தைய கதையைச் சொன்னது. 2025 மார்ச்சில் வந்த ‘வீர தீர சூரன்’ பாகம் 2, முதல் பாகம் எடுக்கப்படுவதற்கு முன்பே திரைக்கு வந்ததால், பெயரில் எண் இருந்தும் முன்தயாரிப்பு எதையும் கேட்கவில்லை.

பெயரை மட்டும் பகிரும் படங்களும் உண்டு. இவற்றில்தான் ஏமாற்றத்துக்கு வாய்ப்பு அதிகம் என்பதால் சற்றுக் கூடுதல் கவனம் தேவை. 2012-இல் வந்த ‘பீட்சா’வின் வெற்றிக்குப் பின் அடுத்த ஆண்டே ‘பீட்சா 2: வில்லா’ வந்தது, கதையும் புதிது, இயக்குநரும் புதியவர், முதல் படத்தோடு கதைத் தொடர்பு எதுவும் இல்லை. ‘பீட்சா’வை இயக்கிய கார்த்திக் சுப்புராஜின் ‘ஜிகர்தண்டா’வுக்கு (2014) ஒன்பது ஆண்டுகள் கழித்து ‘ஜிகர்தண்டா டபுள் எக்ஸ்’ வந்தது. அதுவும் புதிய கதை, புதிய மனிதர்கள்தான். ஆனால் ஒரு ரவுடியைத் தேடிப் போகும் படக்காரன் என்ற மூலக்கருவை அவரே மீண்டும் எடுத்து 1970-களின் பின்னணியில் வேறொரு இடத்துக்குக் கொண்டு சென்றதால், அந்தப் பெயரை வைத்ததற்கு ஒரு நியாயம் இருந்தது. எனவே பெயர் மட்டும் தொடரும் படமென்று தெரிந்தால், பெயரை மறந்துவிட்டு, இயக்குநரின் அடுத்த படமாக மட்டும் அதை எடைபோடுங்கள். மூக்குத்தி அம்மன் 2-க்கும் இதே அளவுகோலை வைக்கலாம். 2020 தீபாவளியன்று நேரடியாக ஓடிடியில் வெளியான முதல் படத்தை ஆர்.ஜே.பாலாஜியும் என்.ஜே.சரவணனும் இயக்கினார்கள், போலிச் சாமியார்களைக் கேள்வி கேட்ட நையாண்டிதான் அதன் பலம். இரண்டாம் பாகத்தை இயக்குபவர் சுந்தர்.சி. அம்மனாக நயன்தாராவே தொடர்கிறார் என்றாலும், பழைய நையாண்டியை எதிர்பார்த்துச் செல்வதைவிட, அரண்மனை வரிசையை உருவாக்கியவர் ஒரு அம்மன் படத்தை எப்படி எடுப்பார் என்று கேட்டுக்கொள்வதே பொருத்தமானது.

அடுத்தது கதை விட்டுச்சென்ற கேள்வி. முதல் படத்தின் கடைசி இருபது நிமிடங்களை மீண்டும் பாருங்கள். எந்த முன்னோட்டத்தைவிடவும் அது அதிகம் சொல்லும். ‘கைதி’யில் டில்லி ஏன் பத்தாண்டுகள் சிறையில் இருந்தான் என்பது கடைசிவரை முழுமையாகச் சொல்லப்படவில்லை, அவனை ஏற்கெனவே அறிந்த ஒருவன் சிறைக்குள் இருக்கிறான் என்ற குறிப்போடு படம் முடிகிறது. அந்த ஒரு கேள்வியை வைத்தே முழுப் படம் எடுக்கலாம். இயக்குநர் லோகேஷ் கனகராஜ் மாஸ்டர், விக்ரம், லியோ, கூலி என்று அடுத்தடுத்துப் பெரிய படங்களுக்குச் சென்றதால் கைதி 2 தள்ளிக்கொண்டே போனாலும், நான் மிகுந்த ஆவலோடு எதிர்பார்ப்பது அதைத்தான். ‘சர்தார்’ படமும் உளவாளியின் மகனுக்கு அடுத்த பணியைக் காட்டிவிட்டே முடிந்தது. ஆனால் ‘ஜெயிலர்’ அப்படியில்லை. தந்தைக்கும் மகனுக்கும் இடையிலான கேள்விக்கு முதல் படத்திலேயே கசப்பான, முழுமையான விடை கிடைத்துவிட்டது. 2025 ஜனவரியில் முன்னோட்டத்துடன் அறிவிக்கப்பட்ட ஜெயிலர் 2, முத்துவேல் பாண்டியன் என்ற மனிதரின் ஈர்ப்பை நம்பி நிற்கிறது. ரஜினிகாந்த், நெல்சன், அனிருத் ஆகிய மூவரும் தொடர்வது பெரிய பலம்தான். எனினும் அந்த மனிதருக்குப் புதிய துயரமோ புதிய சிக்கலோ கதையில் அமைந்திருக்கிறதா என்பதே என் கவனம். ரஜினியைக் கொண்டாடச் செல்பவருக்கு இந்தக் கேள்வியே தேவையில்லை, அவர் முதல் நாளே செல்லலாம். கதைக்காகச் செல்பவர் ஓரிரு நாள் பொறுப்பது நல்லது.

கதவு திறந்தே இருப்பது மட்டும் போதாது என்பதற்கு இந்தியன் படங்களைவிடத் தெளிவான சான்று இல்லை. 1996-இல் வந்த முதல் படம், சேனாபதி வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் பேசி, தேவைப்படும்போது திரும்பி வருவேன் என்று சொல்வதோடு முடிந்தது. அதைவிடத் திறந்த முடிவு இருக்க முடியாது. ஆனால் இரண்டாம் பாகம் 2024 ஜூலையில் வந்தபோது இடையில் இருபத்தெட்டு ஆண்டுகள் ஓடிவிட்டிருந்தன. முதல் படத்தின் உயிர் வர்மக்கலையோ மாறுவேடமோ அல்ல. லஞ்சத்தால் மகளை இழந்த ஒரு தந்தை, லஞ்சம் வாங்கிய சொந்த மகனையே தண்டிக்க வேண்டிய நிலைக்கு வந்து சேருவதுதான். அதற்கு வசனம் எழுதிய சுஜாதா 2008-இல் மறைந்துவிட்டார். இசையும் ஏ.ஆர்.ரஹ்மானிடமிருந்து அனிருத்துக்கு மாறியது. அந்தத் தந்தை–மகன் வேதனைக்கு ஈடான ஒன்று இரண்டாம் பாகத்தில் அமையவில்லை என்பது என் உறுதியான கருத்து. இதற்கு மேல், எடுத்த கதையை இரண்டாகப் பிரித்ததால், படம் முடிந்தபின் மூன்றாம் பாகத்தின் முன்னோட்டம் காட்டப்பட்டது. பார்வையாளர் கையில் கிடைத்தது முழுமையற்ற ஒரு பகுதி மட்டுமே. ‘சாமி’ (2003) படத்துக்கும் பதினைந்து ஆண்டுகள் கழித்துத்தான் ‘சாமி ஸ்கொயர்’ வந்தது. நாயகியாக இருந்த த்ரிஷாவின் இடத்தில் ஐஸ்வர்யா ராஜேஷ் நடித்தார். பத்தாண்டுகளுக்கு மேல் இடைவெளி விழுந்த தொடர்ச்சி என்றால், முதல் படத்தின் உயிராக எது இருந்தது என்று ஒரு வரியில் எழுதிப் பாருங்கள். அந்த உயிரைத் தந்தவர்களில் எத்தனை பேர் திரும்பி வருகிறார்கள் என்றும், புதிய முன்னோட்டத்தில் அதன் சாயல் தெரிகிறதா என்றும் பாருங்கள். தெரியவில்லை என்றால் அந்தப் படம் முதல் நாள் பட்டியலில் இருக்க வேண்டியதில்லை.

இதற்கு நேர்மாறானவை, தொடக்கத்திலேயே பல பாகங்களாகத் திட்டமிட்டோ, படப்பிடிப்பின்போதே கதை விரிந்து பிரிந்தோ வருபவை. ஜெயமோகனின் ‘துணைவன்’ சிறுகதையை அடிப்படையாகக் கொண்ட வெற்றிமாறனின் ‘விடுதலை’ இப்படித்தான் இரண்டானது. 2023 மார்ச்சில் வந்த முதல் பாகம் குமரேசன் என்ற கடைநிலைக் காவலரின் கண்ணால் மலைக்கிராமத்தைக் காட்டியது. 2024 டிசம்பரில் வந்த இரண்டாம் பாகம் பெருமாள் வாத்தியாரின் வாழ்க்கைக்குள் சென்றது. இத்தகைய படங்களில் நம்பிக்கை வைப்பது எளிது, ஏனெனில் முதல் பாகத்தின் வசூலைப் பார்த்தபின் கட்டப்பட்ட கதையல்ல அது. ஆனாலும் காத்திருப்பு நீளக்கூடும்: ‘விஸ்வரூபம்’ 2013-இல் வந்தது, அதன் இரண்டாம் பாகத்தின் பெரும்பகுதி முதல் படத்தோடு சேர்த்தே படமாக்கப்பட்டிருந்தும், 2018-இல்தான் வெளியானது. பாதியில் நிற்கும் கதையைப் பொறுத்துக்கொள்ள முடியாதவர்கள், அடுத்த பாகத்தின் வெளியீட்டு நாள் உறுதியாகும் வரை முதல் பாகத்தையே தள்ளிவைத்து, இரண்டையும் அடுத்தடுத்துப் பார்ப்பது நல்ல வழி. அதில் எந்த இழப்பும் இல்லை.

காத்திருப்பதற்கும் ஒரு முறை வேண்டும். அறிவிப்பு வந்தவுடனே நாட்களை எண்ணத் தொடங்காதீர்கள். 2021 புத்தாண்டன்று ‘ஆயிரத்தில் ஒருவன் 2’ அறிவிக்கப்பட்டு, 2024-இல் வெளியாகும் என்று சொல்லப்பட்டது. அந்த ஆண்டு கடந்தும் படம் வரவில்லை. ‘துப்பறிவாளன் 2’ படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தபோதே இயக்குநர் மிஷ்கின் விலகினார். ஆகவே பூஜை நடந்ததா, படப்பிடிப்பு முடிந்ததா, டப்பிங் தொடங்கியதா, தணிக்கைச் சான்று கிடைத்ததா என்று படிப்படியாகப் பார்த்து, படப்பிடிப்பு நிறைவடைந்த செய்தி வந்த பிறகே உங்கள் பட்டியலில் மேலே ஏற்றுங்கள். இடையில் இயக்குநரோ எழுத்தாளரோ மாறினால் அதைப் புதிய படமாகக் கருதி, முதலிலிருந்து மறுபடி யோசியுங்கள்.

படம் வருவதற்கு முந்தைய வாரத்தில் முன்கதையைப் பார்த்துக்கொள்வது பற்றி ஒரு சொல். எல்லாத் தொடர்ச்சிக்கும் இது தேவையில்லை, தேவைப்படும் இடத்தில் தவிர்க்கவும் கூடாது. ‘விக்ரம்’ (2022) வெளியாகும் முன், கைதியை மீண்டும் பார்த்துவிட்டு வருமாறு இயக்குநரே கேட்டுக்கொண்டார். அப்படிப் பார்த்தவர்களுக்கே சில பாத்திரங்கள் திரையில் தோன்றிய நொடியில் திரையரங்கு ஏன் அதிர்ந்தது என்பது புரிந்தது. டிமான்டி காலனியின் இரண்டாம் பாகம் 2015-இல் வந்த முதல் படத்தின் நிகழ்ச்சிகளுக்குள்ளேயே திரும்பிச் செல்கிறது என்பதால், மூன்றாம் பாகத்துக்குக் காத்திருப்பவர்கள் இரண்டையும் வரிசையாகப் பார்த்தேயாக வேண்டும். பத்து நிமிடக் கதைச் சுருக்கக் காணொளிகள் நிகழ்ச்சிகளை நினைவூட்டும், ஆனால் அச்சத்தையும் பரிவையும் திரும்பத் தராது. இரண்டரை மணி நேரம் ஒதுக்க முடியாத வாரத்தில் தொடர்ச்சியைப் பார்ப்பதையே ஒரு வாரம் தள்ளிப்போடலாம். வேறுமொழிப் படங்களில் இன்னொரு கவனம் தேவை. மலையாள ‘த்ரிஷ்யம்’ படத்தின் தமிழ் மறுஆக்கமான ‘பாபநாசம்’ பார்த்துவிட்டு, ‘த்ரிஷ்யம்’ மூன்றாம் பாகத்துக்குக் காத்திருக்கும் தமிழ் ரசிகர்கள் பலர். ஆனால் பாபநாசத்துக்கு இரண்டாம் பாகம் வரவில்லை. அவர்கள் 2021-இல் ஓடிடியில் வந்த மலையாள த்ரிஷ்யம் 2-ஐப் பார்க்காமல் மூன்றாவதற்குச் செல்வது, நடுப்பக்கங்களைக் கிழித்துவிட்டு நாவல் படிப்பது போலாகும்.

இனி எங்கே, எப்போது பார்ப்பது என்பது. மர்மத்தையும் திருப்பத்தையும் நம்பும் படமென்றால் முதல் இரண்டு மூன்று நாட்களுக்குள் பாருங்கள். வெளிநாடுகளிலும் அண்டை மாநிலங்களிலும் காட்சிகள் முன்னதாகத் தொடங்கிவிடுவதால், தமிழ்நாட்டில் முதல் காட்சி முடியும் முன்பே கைபேசி வழியாகக் கதை வந்துசேர்ந்துவிடுகிறது. பெரிய திரைக்காகவே எடுக்கப்பட்ட போர்க்களக் காட்சிகளும், இசைக்காகப் பார்க்கும் நட்சத்திரப் படங்களும் திரையரங்குக்கு உரியவை. மற்றவற்றுக்குப் பொறுமை போதும்: தமிழ்ப் படங்கள் பெரும்பாலும் நான்கு வாரங்களில் ஓடிடிக்கு வந்துவிடுகின்றன, ‘இந்தியன் 2’ ஜூலை 12-இல் வெளியாகி ஆகஸ்ட் 9-இலேயே வந்தது. பிள்ளைகளை அழைத்துச் செல்வோர் தணிக்கைச் சான்றைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும், குறிப்பாகப் பேய்ப்பட வரிசைகளுக்கு. முந்தைய பாகம் சிரிப்புப் பேயாக இருந்தது என்பதால் அடுத்ததும் அப்படியே இருக்கும் என்று கொள்ள முடியாது. இப்போது யு/ஏ சான்று 7+, 13+, 16+ என்று வயதுவாரியாகப் பிரித்தே தரப்படுகிறது. நுழைவுச்சீட்டு பதிவு செய்யும் செயலியிலேயே அதைப் பார்த்துக்கொள்ளலாம். ஏழு வயதுப் பிள்ளையும் பாட்டியும் சேர்ந்து வரும் குடும்பம் என்றால், 16+ என்று கண்டதும் அந்தப் படத்தை ஓடிடிக்கு விட்டுவிட்டு, அன்றைக்கு வேறு படத்துக்கு இருக்கை எடுப்பதே சரி.