அழுத்தினால் வெட்ட வேண்டும்: 3டி கேமில் வாள் சண்டைக் கட்டுப்பாடுகள், படிப்படியாக

கேமை ஆடிப் பார்த்தவர் "பட்டன் கேட்கவே மாட்டேங்குது" என்று சொன்னால், உடனே அனிமேஷனை வேகப்படுத்தக் கை போகும். பெரும்பாலும் குறை அங்கே இருக்காது. அவர் அழுத்தியது உண்மை. அந்த அழுத்தத்தை உங்கள் கோடு (நிரல்) தூக்கிப் போட்டுவிட்டது, அவ்வளவுதான். இந்தப் பதிவில் பாதி அந்த ஒரு சிக்கலுக்கே போகும்.

எடுத்துக்கொண்டது கோடோ 4 என்ற கேம் எஞ்சின், கேம்பேட், மூன்றாம் நபர் கேமரா. பாத்திரம் நடக்கிறது, கேமரா சுழல்கிறது, எதிரே அசையாத எதிரி ஒருவன் நிற்கிறான், கைவசம் மூன்று வாள் வீச்சு அனிமேஷன்கள் இருக்கின்றன. இதுவரை வந்துவிட்டவர்களுக்கானது இது.

படி 1: பட்டனை எங்கே வைப்பது

வலது கட்டை விரல்தான் கேமரா ஸ்டிக்கையும் பிடிக்கிறது, முகப்பு பட்டன்களையும் (வலப்பக்கம் இருக்கும் நான்கு பட்டன்கள்) அழுத்துகிறது. வெட்டை முகப்பு பட்டனில் வைத்தால், வெட்டும்போதெல்லாம் கேமராவை விட்டுவிட வேண்டும். இதற்கு இரண்டு தீர்வுகள் நிலைத்துவிட்டன. ஒன்று, 1998-இல் வந்த 'ஒக்கரீனா ஆஃப் டைம்' காட்டிய வழி: ஒரு பட்டனால் எதிரியின் மேல் பார்வையைப் பூட்டிவிட்டால், கேமராவை ஆடுபவர் பார்த்துக்கொள்ள வேண்டாம். இன்னொன்று, 2011-இன் 'டார்க் சோல்ஸ்' போல வெட்டை வலது தோள் பட்டனுக்கு மாற்றுவது. அப்போது ஆள்காட்டி விரல் வெட்டும், கட்டை விரல் ஸ்டிக்கிலேயே இருக்கும்.

பூட்டுதல் இல்லாத கேம் என்றால் தோள் பட்டன்தான் சரி. லேசான வெட்டு மேல் பட்டனில், பலத்த வெட்டு கீழே உள்ள ட்ரிக்கரில், விலகல் (அடியிலிருந்து தப்ப ஒதுங்குவது) முகப்பு பட்டனில். ஸ்டிக்கை எந்தப் பக்கம் தள்ளுகிறோமோ அந்தப் பக்கம் வாள் வீசும் முறை இப்போதைக்கு வேண்டாம். அதற்கு ஒவ்வொரு திசைக்கும் தனி அனிமேஷன் வேண்டும், கேமராவுக்கு வேறு இடமும் தேட வேண்டும்.

படி 2: வீச்சை மூன்றாகப் பிரியுங்கள்

ஓங்கல் (வாளைத் தூக்குவது), வெட்டு (அடி படக்கூடிய நேரம்), மீட்சி (பழைய நிலைக்குத் திரும்புவது). வினாடிக்கு 60 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேம் சுமார் 16.7 மில்லி வினாடி. லேசான வெட்டுக்குத் தொடக்க அளவு: ஓங்கல் 6, வெட்டு 3, மீட்சி 14, ஆக மொத்தம் 23. பலத்த வெட்டுக்கு 18, 4, 26.

ஓங்கல் 10 ஃபிரேமைத் தாண்டினால் லேசான வெட்டு மந்தமாகத் தெரியும். 3-க்குக் கீழே போனால் வாள் எங்கிருந்து வந்தது என்று கண்ணுக்குப் பிடிபடாது. கனம் வேண்டுமானால் மீட்சியில் சேருங்கள், ஓங்கலில் கை வைக்காதீர்கள்.

இந்த எண்களை அனிமேஷனுக்குள் மெத்தட் டிராக்காக (குறித்த நேரத்தில் கோடை அழைக்கும் தடமாக) வைக்கச் சொல்லும் விளக்கங்கள் நிறைய உண்டு. நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். அந்த டிராக்கின் அழைப்புகள் இயல்பு அமைப்பில் உடனே நடப்பதில்லை, தள்ளிப்போடப்பட்டே நடக்கும். பாத்திரத்தின் ஸ்கிரிப்டில் ஒரு முழு எண் வையுங்கள். ஃபிசிக்ஸ் ப்ராசஸ் (கோடோ இயல்பாக வினாடிக்கு 60 முறை ஓட்டும் பகுதி) ஒருமுறை ஓடும்போது அது 1 கூடட்டும். சண்டைக்கு அந்த எண்தான் கடிகாரம், அனிமேஷன் அதற்குத் துணை. அனிமேஷனை ஓட்டும் அனிமேஷன்பிளேயரின் கால்பேக் மோடை ஐடிலிலிருந்து ஃபிசிக்ஸுக்கு மாற்ற மறக்காதீர்கள். மாற்றாவிட்டால் படமும் கணக்கும் ஓரிரு ஃபிரேம் விலகி ஓடும். அனிமேஷன்களைக் கலக்கும் அனிமேஷன்ட்ரீ இப்போது தேவையில்லை.

படி 3: இன்புட் பஃபர் (அழுத்தத்தைச் சிறிது நேரம் பிடித்து வைப்பது)

எல்லோரும் தடுக்கி விழும் இடம் இதுதான். முதலில் எழுதப்படும் கோடு பெரும்பாலும் இப்படி இருக்கும்: வெட்டு பட்டன் இந்த ஃபிரேமில் அழுத்தப்பட்டதா, பாத்திரம் சும்மா இருக்கிறதா, இரண்டும் ஆம் என்றால் வெட்டு. படிக்கச் சரியாகத் தெரியும். ஆனால் ஆடுபவர் இரண்டாவது வெட்டுக்கு, முதல் வெட்டு எதிரி மேல் படுவதைப் பார்த்ததுமே அழுத்துவார். அது 9-ஆம் ஃபிரேம் என்று வைத்துக்கொள்வோம். பாத்திரம் சும்மா ஆவது 23-க்குப் பிறகு. அழுத்தம் காற்றில் போய்விடும். ஆடுபவர் மறுபடி அழுத்துவார், அதுவும் போகும். மூன்றாவது எப்படியோ விழும்.

சரிசெய்யும் முறை:

1. 'காத்திருக்கும் செயல்' என்று ஒரு மாறி, 'மீதி ஃபிரேம்' என்று இன்னொன்று. பட்டன் அழுத்தப்பட்டதும் செயலை எழுதி, மீதியை 10 ஆக்குங்கள். பாத்திரம் என்ன நிலையில் இருந்தாலும் இது நடக்க வேண்டும்.

2. ஒவ்வொரு வீச்சுக்கும் 'தொடர் திறக்கும் ஃபிரேம்' ஒன்று வையுங்கள். லேசான வெட்டுக்கு 16. அந்த ஃபிரேம் முதல், காத்திருக்கும் செயல் இருந்தால் மீட்சியை முறித்து அடுத்த வீச்சுக்குப் போகலாம்.

3. ஒவ்வொரு ஃபிரேமிலும் வரிசை இதுவே: பட்டனைப் படி, நிலையைப் பார்த்துச் செயலை எடுத்துக்கொள், பிறகு மீதியை 1 குறை. குறைப்பதை முதலில் வைத்தால் ஒரு ஃபிரேம் வீணாகும்.

4. செயலை எடுத்ததும் பஃபரை வெறுமையாக்குங்கள். பாத்திரம் அடி வாங்கினாலும் வெறுமையாக்குங்கள். இல்லையென்றால் அடி வாங்கி எழுந்தவன் யாரும் கேட்காமலே வாளை வீசுவான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 9-ஆம் ஃபிரேமில் அழுத்தினால் 16-க்கு இன்னும் 7 ஃபிரேம்தான், பஃபர் தாங்கும். 3-ஆம் ஃபிரேமில் தவறுதலாக இருமுறை அழுத்தியிருந்தால் 13-லேயே அது காலாவதியாகிவிடும், வேண்டாத இரண்டாவது வெட்டு வராது. இந்த இரண்டும் சேர்ந்து வேலை செய்யும்படிதான் 10 என்ற எண். பெரிதாக இருந்தால் நல்லதுதானே என்று 30 வைத்தால், அரை வினாடிக்கு முன் அழுத்தியதெல்லாம் இப்போது வெளிவரும். ஓட நினைத்தவன் நின்று வெட்டுவான்.

வரிசையாகப் பல செயல்களைச் சேமிக்காதீர்கள். ஒன்றே போதும், கடைசியாக அழுத்தியதே செல்லும். விலக்கு ஒன்று உண்டு: காத்திருப்பது விலகல் என்றால் அதற்குப் பின் வந்த வெட்டு அதை அழிக்கக் கூடாது. பயத்தில் இரண்டு பட்டனையும் அழுத்துபவர் உயிர் பிழைக்கத்தான் பார்க்கிறார். விலகலுக்கு 12-ஆம் ஃபிரேமிலேயே கதவைத் திறந்து விடுங்கள்.

படி 4: எந்தப் பக்கம் வெட்டுவது

ஸ்டிக்கின் திசையைக் கேமராவின் கிடைமட்டச் சுழற்சியோடு சேர்த்து எடுங்கள். பட்டன் அழுத்திய கணத்தின் திசை வேண்டாம், வீச்சு தொடங்கும் கணத்தின் திசையே வேண்டும். பஃபரில் 7 ஃபிரேம் காத்திருக்கும்போது ஸ்டிக் வேறு பக்கம் போயிருக்கும், ஆடுபவரின் எண்ணம் புதிய பக்கத்தில்தான். ஸ்டிக்கின் நீளம் 0.3-க்குக் கீழே இருந்தால் பாத்திரம் பார்க்கும் திசையே திசை.

பிறகு லேசான உதவி. 3.5 மீட்டருக்குள், எடுத்த திசைக்கு இருபுறமும் 45 டிகிரிக்குள் இருக்கும் எதிரிகளுக்கு மதிப்பெண் போடுங்கள்: விலகும் டிகிரியோடு தூரத்தின் பத்து மடங்கைக் கூட்டுங்கள், குறைந்தவன் இலக்கு. 2 மீட்டரில் 10 டிகிரி விலகி நிற்பவனுக்கு 30. 1 மீட்டரில் 40 டிகிரி விலகி நிற்பவனுக்கு 50. அருகில் இருப்பவனை விட்டுவிட்டு ஸ்டிக் காட்டியவனையே வாள் தேடிப் போகும். தூரத்தை மட்டும் பார்த்தால் இது தலைகீழாகி, கேம் தன் இஷ்டத்துக்கு வெட்டுவதுபோல் இருக்கும்.

இலக்கை நோக்கித் திரும்புவது ஓங்கல் ஃபிரேம்களில் மட்டும். வெட்டு தொடங்கிய பின் திருப்பினால் பாத்திரம் பம்பரம் மாதிரி தெரியும்.

படி 5: வெட்டு படுகிறதா என்று பார்ப்பது

வாளின் எலும்பில் ஏரியா3டியை (உள்ளே யார் வந்தார்கள் என்று சொல்லும் பகுதி) ஒட்டிவிடுவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது. கணக்கு ஒத்துவராது. தோளிலிருந்து வாள் நுனி வரை 1.8 மீட்டர், வீச்சு அரை வட்டம் என்றால் நுனி கடக்கும் தூரம் சுமார் 5.65 மீட்டர். அதை 3 ஃபிரேமில் கடந்தால் ஃபிரேமுக்கு 1.9 மீட்டர். அரை மீட்டர் அகல எதிரியை வாள் தொடாமலே தாண்டிவிடும். போதாக்குறைக்கு, ஏரியா3டியின் பட்டியல் ஃபிசிக்ஸ் சுற்றுக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கப்படும். அதை இயக்கிய ஃபிரேமிலேயே யார் உள்ளே என்று கேட்டால் வெறும் பட்டியல்தான் வரும். இருக்கும் 3 ஃபிரேமில் ஒன்று அப்படியே போயிற்று.

ஷேப்காஸ்ட்3டி (ஒரு வடிவம் எதைத் தொடுகிறது என்று கேட்ட கணத்தில் சொல்வது) பயன்படுத்துங்கள். வாளில் அல்ல, பாத்திரத்தின் உடலில், 1 மீட்டர் முன்னால். பெட்டி வடிவம்: அகலம் 1.8, உயரம் 1.2, ஆழம் 1.6 மீட்டர். அதன் டார்கெட் பொசிஷன் இயல்பாகவே 1 மீட்டர் கீழ் நோக்கி இருக்கும், மூன்றையும் பூஜ்யமாக்குங்கள். எதிரிகளின் லேயரை மட்டும் மாஸ்க்கில் (எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்ற பட்டியல்) வையுங்கள். எனேபிள்டை அணைத்துவிட்டு, 7, 8, 9-ஆம் ஃபிரேம்களில் நீங்களே கட்டாயப் புதுப்பிப்பை அழையுங்கள். விடை அதே ஃபிரேமில் வரும்.

பட்டவனை ஒரு பட்டியலில் சேர்த்துக்கொண்டு, பட்டியலில் இருப்பவனைத் தவிர்த்துவிடுங்கள். இல்லையென்றால் ஒரே வீச்சில் மூன்று அடி விழும். வீச்சு தொடங்கும்போதெல்லாம் பட்டியலைத் துடையுங்கள்.

படி 6: ஹிட் ஸ்டாப்

வெட்டு பட்டதும் லேசானதற்கு 4, பலத்ததற்கு 7 ஃபிரேம் உறைய வேண்டும். வாளுக்கு எடை வருவது பெரும்பாலும் இதிலிருந்துதான். உலகம் முழுவதற்கும் டைம் ஸ்கேலைக் குறைக்காதீர்கள், துகள்களும் மற்ற எதிரிகளும் சேர்ந்து விக்கும். வெட்டியவன், பட்டவன் இருவரின் ஃபிரேம் எண்ணியை மட்டும் நிறுத்தி, அவர்களின் அனிமேஷன்பிளேயர் ஸ்பீட் ஸ்கேலைப் பூஜ்யமாக்குங்கள். எதிரி பின்னால் தள்ளப்படுவது உறைவு முடிந்த பிறகு.

உறைந்த ஃபிரேம்களிலும் பட்டனைப் படித்துக்கொண்டே இருங்கள், ஆனால் பஃபரின் மீதியைக் குறைக்காதீர்கள். குறைத்தால், நன்றாகப் பட்ட வெட்டுக்குப் பிறகு மட்டும் அடுத்த வெட்டு தவறும். காற்றில் வீசினால் தொடர் ஒழுங்காக வரும், எதிரி மேல் பட்டால் அறுந்துபோகும். இந்தக் கோளாறைப் பார்த்தால் நேராக இங்கே வாருங்கள்.

படி 7: அளந்து பாருங்கள்

பாத்திரத்தின் தலைக்கு மேல் லேபிள்3டி (எழுத்தைக் காட்டும் பலகை) வைத்து நிலை, ஃபிரேம் எண், பஃபர் மீதி மூன்றையும் காட்டுங்கள். பிறகு போனில் 240 ஃபிரேம் ஸ்லோ மோஷனில், விரலும் திரையும் ஒன்றாகத் தெரியும்படி படம் பிடியுங்கள். பதிவின் 4 ஃபிரேம், கேமின் 1 ஃபிரேம். விரல் அழுந்தியதிலிருந்து தோள் அசையும் வரை எண்ணுங்கள். டிவியில் ஆடினால் கேம் மோடை இயக்கிவிட்டு எண்ணுங்கள், டிவியின் தாமதத்தை உங்கள் கோடின் மேல் போட வேண்டாம்.

பின்சேர்க்கை (கருத்துகளில் வந்தவை)

"எல்லாம் சரி, எதிரி மேல் படவே இல்லை": மாடலின் முகம் எந்தப் பக்கம் என்று பாருங்கள். கோடோவுக்கு முன்பக்கம் எதிர்ம இசட் அச்சு. ஜிஎல்டிஎஃப் (3டி மாடல்களுக்கான கோப்பு வடிவம்) கோப்பில் முன்பக்கம் நேர்ம இசட். பெட்டி முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருக்கும். மாடலை மட்டும் 180 டிகிரி திருப்புங்கள், உடலைத் திருப்பாதீர்கள்.

"144 ஹெர்ட்ஸ் மானிட்டரில் நடை விக்குகிறது": ஃபிசிக்ஸ் சுற்றைக் கூட்டாதீர்கள், மேலே போட்ட எண்கள் எல்லாம் குலையும். ஃபிசிக்ஸ் இன்டர்போலேஷனை (இரண்டு ஃபிசிக்ஸ் சுற்றுகளுக்கு இடைப்பட்ட நிலைகளைக் கணித்துக் காட்டுவது) இயக்குங்கள். 3டிக்கு அது கோடோ 4.4 முதல் இருக்கிறது.

"போன் திரையில்?": கண்ணாடியில் பட்டனின் விளிம்பை விரலால் உணர முடியாது, அதனால் தடுமாறி அழுத்துவது அதிகம். பஃபரை 14 ஆக்குங்கள், உதவிக் கோணத்தை 60 டிகிரி ஆக்குங்கள். பலத்த வெட்டுக்குத் தனி பட்டன் வேண்டாம், அதே பட்டனை 12 ஃபிரேம் பிடித்திருந்தால் பலத்த வெட்டு. ஆனால் லேசான வெட்டின் ஓங்கலை விரல் எடுக்கும் வரை காக்க வைக்காதீர்கள். அழுத்தியதும் தொடங்கிவிடுங்கள். 6-ஆம் ஃபிரேமில் விரல் இன்னும் அழுந்தியிருந்தால் வெட்டுக்குப் போகாமல் ஓங்கிய நிலையிலேயே நிறுத்துங்கள். 12-க்குள் விரல் எழுந்தால் லேசான வெட்டு, 12-ஐத் தொட்டால் அங்கிருந்தே பலத்த வெட்டின் மீதி ஓங்கல்.