வார்டனை விடுதிக்கு அனுப்பாதீர்கள்

ஆங்கிலேயரின் வாழ்க்கை வரலாறுகளை மொழிபெயர்க்கப் புதிதாக வருபவர்களின் பிரதிகளைத் திருத்துவது என் வேலை. இங்கிலாந்தில் கட்டணம் வாங்கும் தனியார் பள்ளியான பப்ளிக் ஸ்கூலை அரசுப் பள்ளி ஆக்குவதை விடுங்கள், அது இப்போது குறைந்துவிட்டது. ஆனால் ஆசிரியர்களின் பதவிப் பெயர் வந்தால் போதும், எங்கள் தலைமுறை விழுந்த அதே பள்ளத்தில் வரிசையாக வந்து விழுகிறார்கள்.

வார்டன்

இன்னும் ஆறாத எரிச்சல் இது. ராட்லி என்ற ஆங்கிலப் பள்ளியில் படித்த ஒருவரின் வரலாறு. நான் திருத்திக் கொடுத்த மெய்ப்பை, "வார்டன் என்றால்தான் எல்லோருக்கும் தெரியுமே" என்று பதிப்பகத்தில் யாரோ மாற்றிவிட்டார்கள். விடுதிக் காப்பாளர் மாணவனைப் பள்ளியை விட்டே நீக்குகிறார், ஆசிரியர்களை நியமிக்கிறார்! இவருக்கு ஏது இந்த அதிகாரம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. புத்தகம் கட்டு கட்டியபின் பல ஃபாரங்களை மறுபடி அச்சடித்தார்கள்.

1847இல் தொடங்கிய ராட்லியில் தலைமையாசிரியர்தான் வார்டன். ஆக்ஸ்போர்டு கல்லூரிகளைப் பார்த்துச் செய்த ஏற்பாடு அது. அங்கே ஆசிரியர்களுக்கும் 'டான்' என்றுதான் பெயர். ஸ்காட்லாந்தின் க்ளெனால்மண்டிலும் வார்டன் அப்படித்தான். கல்கிசை செயின்ட் தாமஸ் கல்லூரியிலும் அதே வழக்கம் என்பதால், இலங்கை வாசகர் இந்தப் பிழையை ஒரே பார்வையில் பிடித்துவிடுவார்.

சரி, இனி வார்டனைக் கண்ட இடமெல்லாம் தலைமையாசிரியர் என்று போட்டுவிடலாமா? கூடாது. 1382இல் நிறுவப்பட்ட வின்செஸ்டரில் அவர் வேறு, இவர் வேறு. அங்கே வார்டன் முன்பு கல்லூரி முழுமைக்கும் தலைவர், பிற்காலத்தில் நிர்வாகக் குழுத் தலைவர். ஈட்டனில் அந்த இடத்தில் இருப்பவர் ப்ரோவோஸ்ட். அவரை அரச நியமனம் கொண்டுவருகிறது. பள்ளியை நடத்துபவர் ஹெட்மாஸ்டர். எந்தப் பள்ளி, எந்தக் காலம் என்று பார்க்காமல் இந்தப் பெயர்களில் கை வைக்காதீர்கள்.

மாஸ்டர்

சாதாரண ஆசிரியராகவும் இருக்கலாம். மால்பரோவிலும் டல்விச்சிலும் தலைமையாசிரியரே 'தி மாஸ்டர்'. லண்டன் செயின்ட் பால்ஸ், மான்செஸ்டர் கிராமர் பள்ளி இரண்டிலும் ஹை மாஸ்டர். செயின்ட் பால்ஸில் அவருக்கு அடுத்தவர் சர்மாஸ்டர். அதை 'சார் மாஸ்டர்' என்று திருத்தி அனுப்பிய புண்ணியவான் ஒருவர் உண்டு.

அஷர்

வாயிற்காவலர் இல்லை, உதவி ஆசிரியர். அகராதி எழுதிய சாமுவேல் ஜான்சன் 1732இல் மார்க்கெட் பாஸ்வொர்த் ஊர்ப் பள்ளியில் வெறுத்துக்கொண்டே பார்த்த வேலை இதுதான்.

ரெக்டர்

ஸ்காட்லாந்துப் பள்ளி என்றால் பாதிரியார் ஆக்காதீர்கள், அங்கே அவர் தலைமையாசிரியர்.

டாக்டர்

ரக்பி பள்ளியில் 1828 முதல் 1842 வரை தலைமையாசிரியராக இருந்த டாக்டர் அர்னால்ட் ஊசி போட்டவர் அல்ல. இறையியல் டாக்டர்.

ஹவுஸ்மாஸ்டர்

மாணவர் இல்லத்தைப் பார்த்துக்கொள்பவர், வகுப்பும் எடுப்பார். 19ஆம் நூற்றாண்டில் பல பள்ளிகளில் இல்லத்துக் கட்டணத்தில் மிஞ்சுவது அவருடைய பைக்குத்தான் போனது. அப்புறம், சம்பளத்தை மட்டும் பார்த்து 'ஏழை ஆசிரியர்' என்று அடைமொழி சேர்ப்பவர்கள் அந்த வருமானத்தையும் ஒருமுறை விசாரிக்கட்டும்.