மாடல் ரயில் கிளப்பில் சேர்ந்தவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் மாடல் ரயில் என்றதும், வீட்டுக்குக் கீழே இருக்கும் பேஸ்மென்ட்டில் தனியாக உட்கார்ந்து சின்னச் சின்னப் பெட்டிகளுக்குப் பெயின்ட் அடிக்கும் ஒரு பெரியவர்தான் பலருக்கு நினைவுக்கு வருவார். அது பாதி உண்மை. அந்தப் பெரியவரே மாதத்தில் ஒரு சனிக்கிழமை, தன் பெட்டிகளைப் பத்திரமாகப் பொதிந்து எடுத்துக்கொண்டு ஏதாவது ஒரு சர்ச் ஹாலுக்கோ நூலகத்தின் கூட்ட அறைக்கோ கிளம்பிவிடுவார். மீதிப் பாதி அங்கே நடக்கிறது.

இந்தக் கூட்டங்களில் பலவற்றின் பின்னால் இருப்பது என்எம்ஆர்ஏ எனப்படும் தேசிய மாடல் ரயில்ரோடு சங்கம். 1935-இல் விஸ்கான்சின் மாநிலத்தின் மில்வாக்கி நகரில் தொடங்கப்பட்டது. அன்றைக்கு இருந்த தலைவலி ரொம்ப எளிமையானது: ஒரு கம்பெனியின் சக்கரம் இன்னொரு கம்பெனியின் தண்டவாளத்தில் ஒழுங்காக ஓடாது. எல்லோருக்கும் பொதுவான அளவுகளை வகுக்கத்தான் ஒன்று கூடினார்கள். இன்று அந்தச் சங்கம் ரீஜன், அதற்குள் டிவிஷன் என்று பிரிந்து ஊர் ஊராகக் கூடுகிறது. சங்கத்துக்கு வெளியே சுயேச்சையான கிளப்புகளும் ஏராளம்.

இவற்றில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன என்பது என் கணிப்பு. வீட்டு லேஅவுட்டில், அதாவது தண்டவாளமும் காட்சிகளும் சேர்த்து நாம் கட்டி வைத்திருக்கும் அமைப்பில், நாம்தான் ராஜா. அந்தப் பழக்கத்தைக் கழற்றி வைக்காமல் பொதுத் தண்டவாளத்துக்கு வந்துவிடுகிறோம்.

முதல் கூட்டம்

ஒரு டிவிஷன் கூட்டத்தில் கொஞ்ச நேரம் நிர்வாக விஷயம் பேசுவார்கள். அப்புறம் கிளினிக் நடக்கும். பயப்பட வேண்டாம், மருத்துவம் இல்லை. மரம் செய்வது எப்படி, பெட்டிக்குத் துரு ஏறிய மாதிரி நிறம் கொடுப்பது எப்படி என்று ஒருவர் செய்து காட்டும் வகுப்பு. பிறகு அவரவர் கொண்டு வந்ததை மேசையில் வைத்துக் காட்டுவார்கள். மதியத்துக்கு மேல் யாராவது ஒருவர் வீட்டு லேஅவுட்டைப் பார்க்கப் போவார்கள்.

புதிதாக வருபவர் செய்யும் தவறு, வருவதற்கு முன்பே பெட்டி நிறைய வாங்கிவிடுவது. எச்ஓ (HO) என்பது 1:87 அளவு, அதாவது நிஜ ரயிலில் 87-இல் ஒரு பங்கு; என் (N) ஸ்கேல் 1:160. ஊரில் இருக்கும் கிளப் என் ஸ்கேலில் ஓட்டினால், ஆசை ஆசையாக வாங்கிய எச்ஓ செட் வீட்டோடு சரி. முதலில் போய்ப் பாருங்கள். வாங்குவது எங்கும் ஓடிப்போகாது.

கிளப் செய்யும் தவறு இதைவிடப் பெரியது. புதியவர் உள்ளே வரும்போது, அடுத்த வருட வாடகையைப் பற்றி முக்கால் மணி நேரம் வாக்குவாதம் நடந்துகொண்டிருக்கும். இடைவேளையில் பழைய நண்பர்கள் வட்டமாக நின்று பேசுவார்கள். வந்தவர் காபிக் கோப்பையுடன் சுவரோரம் நிற்பார், அடுத்த மாதம் வரமாட்டார். பிறகு அதே ஆட்கள், "இளைஞர்கள் யாருமே வருவதில்லை" என்று வருத்தப்படுவார்கள். வருபவருடன் பேசுவதற்கென்றே ஒருவரை நிறுத்துங்கள். வரவுசெலவுச் சண்டையைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம், அல்லது நிர்வாகக் குழுவோடு நிறுத்திக்கொள்ளலாம்.

மேசையில் வைத்துக் காட்டும் நேரத்தில் அடக்கமாக இருந்துவிடுவதும் தவறுதான். நம்மவர்கள் பலர் இதைச் செய்கிறார்கள். அரைகுறையாக முடிந்த வேலையைக் காட்டினால்தான் நல்ல யோசனை கிடைக்கும். அமெரிக்க சரக்கு ரயில்தான் கொண்டு போக வேண்டும் என்றும் சட்டம் இல்லை. நீலகிரி மலை ரயில் மீட்டர் கேஜ்; 1:87-இல் அதற்கு ஏறத்தாழ 11.5 மில்லிமீட்டர் தண்டவாள அகலம் வேண்டும், 12 மில்லிமீட்டர் தண்டவாளம் கடையிலேயே கிடைக்கிறது. நம் அகல ரயில் பாதைதான் சிக்கல். 1,676 மில்லிமீட்டரைச் சுருக்கினால் 19 மில்லிமீட்டருக்கு மேல் வரும். எச்ஓ தண்டவாளமோ 16.5. இந்தக் கணக்கை மட்டும் எடுத்து வைத்தால் போதும், அந்த மேசையைச் சுற்றி ஒரு கூட்டமே கூடிவிடும்.

மாட்யூல் என்னும் ஒப்பந்தம்

சொந்தக் கட்டடம் இல்லாத கிளப்புகள் மாட்யூல் முறையில் இயங்குகின்றன. ஒவ்வொருவரும் தன் துண்டை வீட்டில் கட்டி எடுத்து வருவார். ஹாலில் எல்லாவற்றையும் இணைத்து ஒரே பாதையாக ஓட்டுவார்கள். 1970-களில் கலிஃபோர்னியாவில் உருவான என்டிராக் முறையில், வழக்கமான மாட்யூல் 4 அடி நீளம், 2 அடி அகலம். முன்பக்கமாக மூன்று பிரதான பாதைகள், தரையிலிருந்து 40 அங்குல உயரம். ஃப்ரீ-மோ என்னும் இன்னொரு முறையில் உயரம் 50 அங்குலம். ஜப்பானிலிருந்து வந்த டி-டிராக்கில் மாட்யூல்களைச் சாதாரண மேசை மேலேயே வைத்துவிடலாம், காட்டோ கம்பெனியின் தண்டவாளம் டக்கென்று இணைந்துகொள்ளும்.

இங்கே தவறு நடக்கும் இடம் மாட்யூலின் இரண்டு ஓரங்கள். நடுவில் நீங்கள் பாலைவனம் வைக்கலாம், தேங்காய்த் தோப்பு வைக்கலாம், யாரும் கேட்க மாட்டார்கள். ஓரத்தில் தண்டவாளம் எங்கே முடிய வேண்டும், எந்த உயரம், எந்த நிறக் கம்பி எந்தத் தண்டவாளத்துக்கு என்பதெல்லாம் உங்கள் விருப்பம் அல்ல. காட்சி அழகாக வர வேண்டும் என்று மூன்று மாதம் உழைத்தவர், மின் இணைப்பை மட்டும் கடைசி இரவில் அவசரமாகச் செய்வார். இரண்டு கம்பிகளை மாற்றி இணைத்திருப்பார். அவருடைய 4 அடியில் எல்லாம் சரியாகத்தான் ஓடும். பக்கத்து மாட்யூலோடு சேர்த்ததும் மொத்த வளையமும் ஷார்ட் ஆகி நின்றுவிடும். காலை எட்டு மணிக்கு முப்பது மாட்யூல்களில் எது குற்றவாளி என்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பது யாருக்கும் பிடித்த வேலை இல்லை. கண்காட்சிக்கு முன்பே இன்னும் இரண்டு உறுப்பினர்களின் மாட்யூலோடு சேர்த்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். தனியாகச் சோதித்தது சோதனையே அல்ல.

பெட்டிகளும் அப்படித்தான். என்எம்ஆர்ஏ பரிந்துரைப்படி எச்ஓ பெட்டிக்கு அடிப்படையாக 1 அவுன்ஸ், அப்புறம் நீளத்தில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் அரை அவுன்ஸ். 6 அங்குலப் பெட்டி என்றால் 4 அவுன்ஸ், அதாவது 113 கிராம் அளவில். இதைவிட லேசான பெட்டியை நீண்ட ரயிலின் நடுவில் மாட்டினால், வளைவில் முன்னும் பின்னும் இழுபடும்போது உள்பக்கமாகச் சாய்ந்து விழும். விழும்போது தனியாகவும் விழாது. சக்கரங்களின் இடைவெளியைச் சரிபார்க்க என்எம்ஆர்ஏ ஒரு சின்ன உலோகத் தகடு விற்கிறது, பெட்டிகளை இணைக்கும் கொக்கியான கப்ளரின் உயரத்துக்கும் தனி அளவுகோல் இருக்கிறது. இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு, தேறாத பெட்டியைத் தயவு தாட்சண்யம் இல்லாமல் ஓரமாக வைக்கும் ஒருவர் கிளப்புக்கு அவசியம். அவரோடு சண்டை போடாதீர்கள்.

மூன்றாம் எண் இன்ஜின்

இன்று பெரும்பாலான கிளப்புகள் டிசிசி என்னும் டிஜிட்டல் முறையில் ஓட்டுகின்றன. தண்டவாளம் முழுக்க எப்போதும் மின்சாரம் இருக்கும். ஒவ்வோர் இன்ஜினுக்குள்ளும் கட்டளையை வாங்கி இயக்கும் டீகோடர் என்னும் சின்னச் சில்லு, அதற்கு ஒரு முகவரி எண். கடையில் வாங்கும்போது அந்த எண் 3 ஆக இருக்கும், எந்தக் கம்பெனியாக இருந்தாலும். அதை மாற்றாமல் மூன்று பேர் புது இன்ஜின்களைக் கொண்டு வந்தால் என்ன ஆகும்? ஒருவர் 3 என்று அழுத்தி வேகம் கொடுப்பார். அவருடைய ரயிலோடு, யார்டில், அதாவது ரயில்களை நிறுத்தி வைக்கும் இடத்தில், சும்மா நின்ற இரண்டு இன்ஜின்களும் கிளம்பிவிடும். ஒன்று மேசை ஓரத்தை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும்.

இன்ஜினின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் எண்ணையே முகவரியாக வைப்பது வழக்கம். அதிலும் இரண்டு பேரிடம் ஒரே எண் இருக்க வாய்ப்பு உண்டு. அதனால் பெரிய கிளப்புகள் ஒரு பதிவேடு வைத்திருக்கின்றன. முகவரியை மாற்றும் வேலையைப் பிரதான பாதையில் செய்யாதீர்கள். அதற்கென்று துண்டித்து வைத்த தனித் தண்டவாளம் இருக்கும். கவனிக்காமல் பிரதான பாதையில் செய்தால், சில அமைப்புகளில், அங்கே நிற்கும் எல்லா இன்ஜின்களும் உங்கள் இன்ஜினின் எண்ணுக்கு மாறிவிடும். அன்று மாலைவரை உங்கள் பெயர் அந்த ஹாலில் அடிபடும்.

அடுத்தவர் வீட்டில்

ஆபரேட்டிங் செஷன் என்பது ரயிலை வெறுமனே சுற்ற விடாமல், நிஜ ரயில்வே போலவே வேலை பிரித்து ஓட்டுவது. எந்த ரயில் எப்போது போகலாம் என்று சொல்லும் டிஸ்பேட்சர் ஒருவர், யார்டுக்கு ஒருவர், ஒவ்வொரு ரயிலுக்கும் ஓட்டுநர். எந்தப் பெட்டி எந்தத் தொழிற்சாலைக்குப் போக வேண்டும் என்று சீட்டு இருக்கும். நிஜ நேரத்தைவிட வேகமாக ஓடும் கடிகாரமும் இருக்கும். இதற்கு அழைக்கப்படுவது ஒரு மரியாதை. வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் இருப்பதுதான் இங்கே ஆகப் பெரிய தவறு. எட்டுப் பேருக்குத் திட்டமிட்ட ஆட்டத்தில் ஒருவர் குறைந்தால் மற்றவர்கள் வேலை இரட்டிப்பாகும்.

அப்புறம், கை. நீராவி இன்ஜின்களைச் சக்கர எண்ணிக்கையால் 2-8-0, 4-6-2 என்று வகைப்படுத்துவார்கள். பெட்டியைக் கையால் தூக்கி நகர்த்துபவரை "0-5-0 இன்ஜின் வந்துவிட்டது" என்று கிண்டல் செய்வார்கள், ஐந்து விரலைக் கணக்கிட்டு. தடம் புரண்டால் வீட்டுக்காரரைக் கூப்பிடுங்கள், நீங்களே சரிசெய்யாதீர்கள். பெட்டிகளுக்கான அந்தச் சீட்டுகளையும் காபியையும் காட்சிகளின் மேல் வைக்காதீர்கள். நீங்கள் புல்வெளி என்று நினைப்பது பல வாரத்து வேலை.

நவம்பர் மாதம் அமெரிக்காவில் மாடல் ரயில் மாதம். பலர் வீடுகளைத் திறந்து லேஅவுட்டைக் காட்டுவார்கள். அப்போது படம் எடுத்து, வீட்டு முகவரியோடு பொதுவெளியில் போட்டுவிடும் ஆர்வக்கோளாறுகள் உண்டு. நல்ல பித்தளை இன்ஜின் ஒன்றே பல நூறு டாலர். ஒரு பேஸ்மென்ட்டில் எவ்வளவு சரக்கு இருக்கிறது என்று ஊருக்கு அறிவிப்பது நம் வேலை இல்லை.

பொதுமக்கள் வரும் நாள்

மாசசூசெட்ஸின் வெஸ்ட் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜனவரி தோறும் நடப்பதைப் போன்ற பெரிய கண்காட்சி முதல் கிறிஸ்துமஸ் சமயத்து நூலக நிகழ்ச்சி வரை, பார்க்க வருபவர்களில் நிறையப் பேர் குழந்தைகள். அவர்கள் ஒரு லேஅவுட்டின் முன் நிற்பது சில நிமிடங்கள்தான். அந்த நேரத்தில் ரயில் ஓட வேண்டும். "யார்டில் பெட்டிகளை வரிசைப்படுத்துகிறோம், இருபது நிமிடத்தில் கிளம்பும்" என்பது நமக்குச் சுவாரசியம், நான்கு வயதுக்குப் புரியாது. ஆபரேட்டிங் விளையாட்டை இன்னொரு நாளைக்கு வையுங்கள். குழந்தைகளின் கார்ட்டூனில் வரும் தாமஸ் ரயிலை ஓட்டுவதற்கு முகம் சுளிக்கும் மூத்தவர்களும் உண்டு. அவர்களை ஸ்டாலுக்குப் பின்பக்கம் அனுப்பிவிடுவது உத்தமம்.

உயரத்தை மறந்துவிடுகிறார்கள். 40 அங்குலம் என்பது பெரியவருக்கு வசதி. சின்னப் பிள்ளைக்குத் தெரிவது மாட்யூலின் கீழே தொங்கும் கறுப்புத் துணி. அப்பாவின் தோளில் ஏறினால்தான் ரயில். உறுதியான படிக்கட்டுப் பலகை வைக்கலாம், அல்லது தாழ்வான ஒரு டி-டிராக் வளையம் சேர்க்கலாம்; சக்கர நாற்காலியில் வருபவருக்கும் அது உதவும். உறுப்பினர்கள் மக்களுக்கு முதுகு காட்டி உள்ளே நின்று தங்களுக்குள் பேசிக்கொள்வது அடுத்த குறை. ஓட்டுபவர் ஓட்டட்டும், பேசுவதற்கு ஒருவர் கயிற்றுக்கு வெளியே நிற்க வேண்டும்.

ஹாலின் காப்பீட்டுச் சான்றிதழ், தரையில் ஓடும் வயர்களை டேப்பால் ஒட்டுவது இவையெல்லாம் முன்கூட்டியே முடிக்க வேண்டியவை. சாரணர்களுக்கு ரயில்ரோடிங் பேட்ஜ் உண்டு, அதற்குக் கிளப்புகள் உதவுவது நல்ல வழக்கம். ஆனால் பெரியவர் ஒருவர் பிள்ளை ஒன்றுடன் தனியாக இருக்கக்கூடாது என்பது அங்கே கண்டிப்பான விதி. "எங்களை எல்லோருக்கும் தெரியுமே" என்று அதைத் தளர்த்தாதீர்கள்.

நிஜ ரயிலைப் பார்க்கக் கிளப்பாகச் சேர்ந்து போகும்போது ஒரு எச்சரிக்கை, குறிப்பாக நம் ஊரிலிருந்து போனவர்களுக்கு. அமெரிக்காவில் பெரும்பாலான பாதைகள் தனியார் சரக்கு ரயில் கம்பெனிகளின் சொத்து. தண்டவாளத்தில் இறங்கி நின்று படம் எடுப்பது அத்துமீறல், ரயில்வே போலீஸே வந்து அபராதச் சீட்டு எழுதிக் கொடுக்கும். பாதுகாப்பைச் சொல்லிக்கொடுக்க 1972-இல் ஐடஹோவில் தொடங்கிய ஆபரேஷன் லைஃப்சேவர் இன்று நாடு முழுக்க இயங்குகிறது. கண்காட்சிகளில் பல கிளப்புகள் அதன் துண்டுப் பிரசுரங்களைக் கொடுக்கின்றன. அதே கிளப்பின் செய்திமடல் அட்டையில் இரண்டு தண்டவாளத்துக்கு நடுவே நின்று எடுத்த படம் இருந்தால் என்ன சொல்வது?

யாருடைய சொத்து

யாரும் பேச விரும்பாத விஷயம் இது, ஆனால் கிளப்புகள் உடைவது பெரும்பாலும் இங்கேதான். மாட்யூல் உறுப்பினருடையது, அதன் கீழே இருக்கும் மின்பலகை கிளப் பணத்தில் வாங்கியது, மேலே நிற்கும் கட்டடங்கள் மூன்றாமவர் கொடுத்தவை. அவர் விலகும்போது எதை எடுத்துப் போகலாம்? எழுதி வைக்காவிட்டால் பத்து வருட நட்பு ஒரு டிரான்ஸ்ஃபார்மருக்காக முறியும்.

உறுப்பினர் ஒருவர் காலமானால் இன்னும் சிக்கல். வீட்டம்மாவுக்கு எந்தப் பெட்டி பத்து டாலர், எது ஐந்நூறு டாலர் என்று தெரியாது. உதவுகிறேன் என்று போகும் நண்பரே நல்லதை மலிவாக எடுத்துக்கொண்டால் அந்தப் பேச்சு டிவிஷன் முழுக்கப் பரவும். அதனால் நல்ல கிளப்புகளில் இரண்டு மூன்று பேராகப் போய்ப் பட்டியலிடுவார்கள், விலை மதிப்பை எழுதிக் குடும்பத்திடம் கொடுப்பார்கள், விற்பனை முடியும்வரை பட்டியலிட்டவர்கள் எதையும் வாங்குவதில்லை. உயிரோடு இருப்பவர்கள் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு: எது சொந்தம், எது கிளப்புடையது, எது நண்பரிடம் இரவல் வாங்கியது என்று ஒவ்வொரு மாட்யூலின் அடியிலும் ஒவ்வொரு பெட்டியின் மூடியிலும் மார்க்கர் பேனாவால் எழுதிவிடுவது.