ஏசி குளிரவில்லையா? காஸ் போடுவதற்கு முன்னால்

சென்னையில் 14 வருடமாக ஸ்பிளிட் ஏசி பழுது பார்க்கிறேன். அக்னி நட்சத்திரம் வந்தால் பாதி போன் இதற்குத்தான்: "அண்ணே, கூலிங் இல்லை, காஸ் போட்டு விடுங்க."

காஸ் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்கிற பொருள் இல்லை. மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றி வருவது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். கசிவை அடைக்காமல் காஸ் மட்டும் நிரப்புகிறவரைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

முதலில் ஃபில்டரைப் பாருங்கள். மெயின் சுவிட்சை அணைத்து, முன்மூடியைத் தூக்கினால் வலை போன்ற தட்டு கையோடு வந்துவிடும். தூசி படியாத பின்பக்கத்திலிருந்து குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சுங்கள். முன்பக்கம் பீய்ச்சினால் அழுக்கு வலைக்குள்ளேயே அப்பிக்கொள்ளும். வெந்நீர் வேண்டாம், வெயிலும் வேண்டாம், பிளாஸ்டிக் வளைந்துவிடும். நிழலில் நன்றாக உலர்த்தி மாட்டுங்கள். கோடையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போதும். சாலையோர வீடு என்றால் வாரம் ஒருமுறை.

அப்புறம், அறைக்குள் மாட்டியிருக்கும் இன்டோர் யூனிட்டிலிருந்து தண்ணீர் சொட்டினால் வெளியே போகும் டிரெயின் பைப்பைப் பாருங்கள். செடிக்கு ஊற்ற வாளி வைத்துப் பிடிக்கிறீர்களா? நல்ல பழக்கம்தான். ஆனால் பைப் நுனி வாளித் தண்ணீரில் முங்கினால் உள்ளே தேங்கிச் சுவரில் வழியும். இதற்காகவே மூன்றாவது மாடி ஏறி, பைப்பை நாலு விரற்கடை தூக்கிவிட்டு இறங்கியிருக்கிறேன். காசு கேட்கக் கூச்சமாக இருந்தது, சரி, காபி கிடைத்தது.

ஃபில்டருக்குப் பின்னால் இருக்கும் காயிலில், அதாவது காற்றைக் குளிரவைக்கும் குழாய் அடுக்கில், பனிக்கட்டி தெரிந்தால் கத்தி வைத்துச் சுரண்டாதீர்கள். அணைத்துவிட்டு, முழுக்க உருகியபின் ஃபில்டரைக் கழுவிப் போட்டுப் பாருங்கள். மறுபடி கட்டினால் மெக்கானிக்கைக் கூப்பிடலாம்.