ஆளுக்குப் பாதி என்று பையைப் பிரிக்காதீர்கள்

கலிஃபோர்னியாவின் சியெரா நெவாடாவில் ஜான் மியூர் டிரெயில், பசிபிக் கிரெஸ்ட் டிரெயில் என்ற இரண்டு நெடுந்தூர மலைநடைப் பாதைகளும் ஒன்றாகப் போகும் பகுதி. டின்டால் ஓடையிலிருந்து ஃபாரெஸ்டர் பாஸ் என்ற மலைக்கணவாய் ஏறி விடெட் புல்வெளியில் இறங்க ஒரு முழு நாள் வேண்டும். சுமார் 20 கி.மீ., நடுவில் 4,009 மீட்டர் உயரம். ஜோடியாக முதல் முறை வருகிறவர்கள் இங்கே செய்யும் தவறுகள் வருஷா வருஷம் அப்படியேதான் இருக்கின்றன. எல்லாம் நாங்களும் ஒரு காலத்தில் செய்தவை. புது ஷூ, காட்டன் சட்டை பற்றியெல்லாம் ஊரே சொல்லிவிட்டது, அதை விடுங்கள்.

பாகப்பிரிவினை

“டென்ட்டின் உள்கூடும் கம்பியும் உனக்கு, மேல்துணி எனக்கு. அடுப்பு உனக்கு, கேஸ் எனக்கு.” வீட்டு ஹாலில் தராசு வைத்துப் பிரிக்கும்போது கச்சிதமாகத்தான் இருக்கும். எத்தனை தரம் பார்த்தாலும் எரிச்சல் வருவது இதைப் பார்த்துத்தான்.

நாள் முழுக்க இருவரும் பத்தடி இடைவெளியில் நடப்போம் என்ற நினைப்பில் செய்யும் பிரிப்பு இது. அப்படி யாரும் நடப்பதில்லை. ஏற்றத்தில் ஒருவருக்கு மூச்சு வாங்கும், இறக்கத்தில் மற்றவருக்கு முழங்கால் வலிக்கும். பாஸிலிருந்து இறங்கி மரங்களுக்குள் நுழைவதற்குள் அரை மணி நேரம் பின்தங்குவது சாதாரணம்.

விடெட் புல்வெளியில் பாதை பிரிகிறது. ஜான் மியூர் டிரெயில் வடக்கே ஏறுகிறது, இன்னொன்று பப்ஸ் ஓடையை ஒட்டி மேற்கே ரோட்ஸ் எண்டுக்கு இறங்குகிறது. மணிக்கணக்காக ஓடையோடு இறங்கி வந்த கால் யோசிக்காமல் இறக்கத்திலேயே போகும். முன்னால் போனவர் அப்படிப் போய்விட்டார் என்று வையுங்கள். பின்னால் வந்தவர் புல்வெளியில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து, மடியில் கேஸ் சிலிண்டரை வைத்துக்கொண்டு பாதையையே பார்த்துக்கொண்டிருப்பார். அடுப்பு நான்கு கி.மீ. கீழே போய்க்கொண்டிருக்கும். இவரிடம் துணி இருக்கிறது, கம்பி இல்லை. அவரிடம் கம்பி இருக்கிறது, துணி இல்லை. தண்ணீர் ஃபில்டரும் ஒரே பையில். இரண்டு பையையும் சேர்த்தால் எல்லாம் உண்டு, தனித்தனியாக ஓர் இரவுக்குக்கூடப் போதாது.

எந்தப் பையும் தனியாக ஓர் இரவைத் தாங்க வேண்டும். ஸ்லீப்பிங் பேக், டவுன் ஜாக்கெட், மழைக்கோட்டு, ஹெட்லேம்ப், லைட்டர், விசில், ஆஃப்லைன் வரைபடம் இறக்கிய போன், ஒரு நாள் தீனி இவையெல்லாம் ஆளுக்கு ஒன்று. டென்ட்டைப் பிரிக்காமல் முழுசாக ஒருவரே தூக்கட்டும். அடுப்பும் கேஸும் சேர்ந்து மற்றவரிடம், கூடவே நூறு கிராம் சொச்சம் எடையுள்ள அவசர பிவி பை (டென்ட் இல்லாமல் உள்ளே நுழைந்து படுக்கும் உறை) ஒன்று. ஃபில்டர் இல்லாதவர் பையில் குளோரின் டையாக்சைடு மாத்திரை. லிட்டருக்கு ஒன்று போட்டு, தண்ணீரில் வரும் கிருமிகளில் ஜியார்டியா சாக 30 நிமிடம், கிரிப்டோஸ்போரிடியம் சாக 4 மணி நேரம் காத்திருக்க வேண்டும். உதவி கேட்கும் செயற்கைக்கோள் கருவி ஒன்றே ஒன்று என்றால் அது மெதுவாக வருபவரிடம் இருக்கட்டும், ஏனென்றால் அவர் விழுந்தால் பின்னால் வர யாரும் இல்லை. பாதை பிரியும் ஒவ்வொரு இடத்திலும் முன்னால் போகிறவர் நிற்க வேண்டும், மற்றவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் கிளம்ப வேண்டும்.

எடை

சமமாகப் பிரிப்பதும் நியாயம் இல்லை. மொத்தம் 28 கிலோ, ஒருவர் 50 கிலோ, மற்றவர் 75 கிலோ என்று கொள்வோம். ஆளுக்கு 14 என்றால் முதலாமவர் தன் உடல் எடையில் 28 சதவீதத்தைத் தூக்குகிறார், இரண்டாமவர் 19-ஐக்கூடத் தொடவில்லை. 11.2, 16.8 என்று பிரித்தால் இருவருக்கும் 22.4 சதவீதம். ஸ்லீப்பிங் பேக், உடுப்பு மாதிரி சொந்தச் சாமான் ஆளுக்கு 6 கிலோ போய்விடும். ஆகவே பொதுச் சாமான் 16 கிலோவை 5.2, 10.8 என்று பிரிக்க வேண்டிவரும், கிட்டத்தட்ட ஒன்றுக்கு இரண்டு. சிறியவர் “நானும் பாதி தூக்குவேன்” என்று வீம்பு பிடிப்பார். மூன்றாம் நாள் அவருடைய முழங்கால் பதில் சொல்லும்.

தாமதமாகக் கிளம்புவது

ஜூனில் பாஸின் வடபக்கம் பனி நிறைய மிச்சமிருக்கும். இரவில் இறுகிய பனி காலை வெயிலில் இளகி, முற்பகல் தாண்டினால் தொடை வரை கால் புதையும். தென்பக்கம் உச்சிக்குச் சற்றுக் கீழே குறுக்காகக் கடக்கும் செங்குத்தான பனிச்சரிவு வேறு இருக்கிறது. அங்கே மைக்ரோஸ்பைக்ஸ் (ஷூவின் மேல் மாட்டும் முள்சங்கிலி) காலிலும் ஐஸ் ஆக்ஸ் (பனிக்கோடரி) கையிலும் இருக்க வேண்டும், பையில் அல்ல. ஜூலை, ஆகஸ்டில் பனி போய் பிற்பகல் இடிமின்னல் வந்துவிடும். எந்த மாதமானாலும் விடியுமுன் கிளம்புங்கள்.

ஃபில்டரை வெளியே வைத்துத் தூங்குவது

ஃபில்டருக்குள் இருக்கும் மெல்லிய குழல் இழைக்குள் நிற்கும் நீர் உறைந்தால் இழை வெடிக்கும், வெளியே பார்த்தால் தெரியாது. உதறி, ஜிப்லாக்கில் போட்டு, ஸ்லீப்பிங் பேக்குக்குள் வையுங்கள்.

ஒரே கரடிப்பெட்டி

கரடி திறக்க முடியாத சாப்பாட்டுப் பெட்டி ஒன்று, ஒரு வாரச் சாப்பாடு, இரண்டு பேர்: அடங்காது. வாசனை வீசும் பற்பசையும் சன்ஸ்கிரீனும்கூட உள்ளேதான் போக வேண்டும்.

உயரம் தரும் தலைவலியோடு ஏறுவது

இறங்குங்கள். இருவரும்.