டெர்மினலிலிருந்தே காப்பி, பேஸ்ட்: எக்ஸ்கிளிப் பழகலாம்

ஒரு கட்டளையைத் தட்டினீர்கள். திரையில் இருநூறு வரி கொட்டிவிட்டது. அதை அப்படியே ஒரு மின்னஞ்சலில் போட வேண்டும். மவுஸை அழுத்திப் பிடித்து மேலே இழுத்துக்கொண்டே போகிறீர்கள். பாதி வழியில் விரல் நழுவுகிறது, மறுபடி முதலிலிருந்து! லினக்ஸில் இந்தப் பாடு தேவையே இல்லை. கட்டளையின் வெளியீட்டை நேராகக் காப்பி செய்து தர எக்ஸ்கிளிப் என்று ஒரு சிறு நிரல் இருக்கிறது.

ஒரு சொல்: கட்டளைகளைக் காதில் விழுகிறபடி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள். எக்ஸ்கிளிப் என்றால் எக்ஸ், சி, எல், ஐ, பி என ஐந்தே எழுத்து, நடுவில் இடைவெளி கிடையாது.

முதல் படி: நிறுவுதல்

டெபியன், உபுண்டு வைத்திருப்பவர்களுக்கு:

சூடோ ஆப்ட் இன்ஸ்டால் எக்ஸ்கிளிப்

லினக்ஸில் சாளரங்களைத் திரையில் காட்ட எக்ஸ்11, வேலாண்ட் என்று இரண்டு முறைகள் உண்டு. உங்கள் திரை எக்ஸ்11 முறையில் ஓடுகிறது என்று வைத்துத்தான் இதைச் சொல்கிறேன். வேலாண்ட் என்றால் கருவி வேறு, கடைசியில் வருகிறேன்.

இரண்டாம் படி: இரண்டு பைகள்

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் முதலில் இடறுவது இங்கேதான். நாம் கிளிப்போர்டு ஒன்றுதான் என்று நினைத்திருக்கிறோம். எக்ஸ்11-இல் அன்றாடம் புழங்கும் பைகள் இரண்டு. மவுஸால் எதையாவது தேர்வு செய்தாலே அது பிரைமரி என்ற பைக்குப் போய்விடும், நடுப் பட்டனை அழுத்தினால் அங்கிருந்து ஒட்டும். கன்ட்ரோல்+சி அழுத்திக் காப்பி செய்வது கிளிப்போர்டு என்ற இன்னொரு பைக்குப் போகும். செகண்டரி என்று மூன்றாவதாகவும் ஒன்று உண்டு. அதைப் பயன்படுத்தும் ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை.

இப்போது இதைத் தட்டிப் பாருங்கள். எல்எஸ் கோப்புகளின் பட்டியலைத் தரும், நடுவிலுள்ள நெடுங்கோடு (பைப்) அதை அடுத்த கட்டளைக்கு அனுப்பும்:

எல்எஸ் | எக்ஸ்கிளிப்

பிரவுசருக்குப் போய் கன்ட்ரோல்+வி அழுத்தினால் பழைய சரக்குதான் வரும். காரணம், எக்ஸ்கிளிப் எதுவும் சொல்லாவிட்டால் பிரைமரியில்தான் போடும். கிளிப்போர்டு வேண்டுமென்றால் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்:

எல்எஸ் | எக்ஸ்கிளிப் -செலக்‌ஷன் கிளிப்போர்டு

சோம்பேறிகளுக்கு '-செல் சி' என்று சுருக்கினாலும் போதும். இனி அப்படியே எழுதுகிறேன்.

மூன்றாம் படி: வெளியே எடுத்தல்

எக்ஸ்கிளிப் -செல் சி -ஓ

பையில் இருப்பதை இது திரையில் காட்டும். பின்னால் '> குறிப்பு' என்று சேர்த்தால் அந்தப் பெயருள்ள கோப்பில் எழுதிவிடும். எனக்கு இதில் பிடித்தது இது இல்லை, அடுத்து வருவது:

எக்ஸ்கிளிப் -செல் சி -ஓ | சார்ட் -யு | எக்ஸ்கிளிப் -செல் சி

ஏதோ ஒரு பக்கத்திலிருந்து ஒரு பெயர்ப்பட்டியலைக் காப்பி செய்கிறீர்கள். இந்த வரியை ஓட்டுகிறீர்கள். ஒட்டும்போது அது வரிசைப்பட்டு, இரட்டிப்பு நீங்கி வருகிறது. கோப்பு எதையும் உருவாக்கவில்லை, எடிட்டரைத் திறக்கவில்லை. 'அதே பையிலிருந்து எடுத்து அதே பையில் போட்டால் நடுவில் காலியாகிவிடாதா?' என்று கேட்கலாம், நியாயமான பயம்தான். ஒரு கோப்பைப் படித்துக்கொண்டே '>' போட்டு அதே கோப்பில் எழுதினால் அது காலியாகத்தான் செய்யும். எக்ஸ்கிளிப்போ உள்ளே வருவதைக் கடைசிவரை படித்த பிறகுதான் பையைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்கிறது. அதனால் ஆபத்தில்லை.

அதென்ன பெயருக்கு மாற்றுவது? எக்ஸ்11-இல் நீங்கள் காப்பி செய்யும்போது எழுத்து எங்கும் போய்ச் சேர்வதில்லை. 'கேட்டால் நான் தருகிறேன்' என்று அந்த நிரல் பொறுப்பேற்றுக்கொள்கிறது, அவ்வளவே. ஒட்டும்போதுதான், ஒட்டுகிற நிரல் காப்பி செய்த நிரலிடம் கேட்டு வாங்குகிறது. காப்பி செய்த சாளரத்தை மூடினால் சில சமயம் ஒட்ட ஒன்றுமே வராததற்குக் காரணம் இதுதான். கிளிப்போர்டு மேனேஜர் ஒன்று பின்னணியில் ஓடினால் அது தன்னிடம் ஒரு நகல் எடுத்து வைத்துக் காப்பாற்றும். எக்ஸ்கிளிப்பும் வேலை முடிந்ததுபோல் பாவனை காட்டிவிட்டுப் பின்னணியில் உட்கார்ந்திருக்கும், அடுத்து யாராவது எதையாவது காப்பி செய்யும்வரை.

இந்தக் குணத்தால் ஒரு வசதியும் உண்டு. '-லூப்ஸ் 1' என்று சேர்த்தால் ஒரே ஒரு முறை கொடுத்துவிட்டு எழுந்து போய்விடும். கடவுச்சொல்லுக்கு ஏற்றது. ஆனால் மேனேஜர் ஓடினால் அந்த ஒரு வாய்ப்பை அதுவே விழுங்கிவிடலாம்.

நான்காம் படி: கண்ணுக்குத் தெரியாத என்டர்

கொடுத்த எழுத்தை அப்படியே வெளியிடும் 'எக்கோ' கட்டளை மூலம் அனுப்பும் எதற்கும் வாலில் ஒரு புதுவரி ஒட்டிக்கொண்டே வரும். நான் ஒரு முறை இப்படிக் காப்பி செய்ததை அரட்டைப் பெட்டியில் ஒட்டிவிட்டு, கீழே ஒரு காலி வரி ஏன் தொங்குகிறது என்று வெகுநேரம் தலையைச் சொறிந்தேன். மருந்து இதோ:

எக்கோ -என் "வணக்கம்" | எக்ஸ்கிளிப் -செல் சி

இதன் மறுபக்கம் கொஞ்சம் விபரீதம். இணையப் பக்கத்தில் கண்ணுக்குத் தெரிவதும் காப்பி ஆவதும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. மறைத்து வைத்த கட்டளையும் கடைசியில் ஒரு புதுவரியும் கூடவே வந்தால், டெர்மினலில் ஒட்டிய நொடியே அது ஓடிவிடக்கூடும். டெர்மினலில் நாம் தட்டும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் பாஷ் என்ற நிரலில், 5.1 பதிப்பு முதல், ஒட்டியதை உடனே ஓட்டாமல் நிறுத்திக் காட்டும் வசதி இயல்பாகவே இயங்குகிறது. இருந்தாலும் சந்தேகம் வந்தால் முதலில் பிரித்துப் பாருங்கள்:

எக்ஸ்கிளிப் -செல் சி -ஓ | கேட் -ஏ

இங்கே 'ஏ' மட்டும் பெரிய எழுத்து. ஒவ்வொரு வரியின் முடிவிலும் ஒரு டாலர் குறி தெரியும். உள்ளே தமிழ் இருந்தால் வாய்க்குள் நுழையாத குறிகளாக உளறும், அது கோளாறு இல்லை.

வேறு பெட்டிக்காரர்களுக்கு

வேலாண்டில் டபிள்யுஎல்-கிளிப்போர்டு என்ற தொகுப்பை நிறுவுங்கள். உள்ளே போட டபிள்யுஎல்-காப்பி, எடுக்க டபிள்யுஎல்-பேஸ்ட். அங்கே எதுவும் சொல்லாவிட்டால் கிளிப்போர்டுதான், பிரைமரிக்கு '-பி' சேர்க்க வேண்டும். மேக்கில் பிபிகாப்பி, பிபிபேஸ்ட் என்று கூடவே வருகின்றன. விண்டோஸில் உள்ளே போட மட்டும் கிளிப் என்ற கட்டளை உண்டு.

எஸ்எஸ்எச் வழியாகத் தொலைவிலுள்ள சர்வரில் நுழைந்து அங்கே எக்ஸ்கிளிப்பைத் தட்டினால், திரையைத் திறக்க முடியவில்லை என்று பிழை வரும். சர்வருக்கு ஏது திரை? எக்ஸ்கிளிப்பை உங்கள் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்:

எஸ்எஸ்எச் சர்வர் 'கேட் பதிவு.லாக்' | எக்ஸ்கிளிப் -செல் சி

மேற்கோள் குறிக்குள் இருப்பது அங்கே ஓடும், பைப்புக்குப் பின்னால் இருப்பது இங்கே ஓடும். 'சர்வர்', 'பதிவு' இரண்டையும் உங்களுடையதாக மாற்றிக்கொள்ள மறக்காதீர்கள்.